நாற்பது வளைவுகளும் ஒரு நேர்ச்சாலையும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 65 கிலோ மீட்டர் நீளமுள்ளது. ஆழியாறு அணை வரையிலும் சமவெளி, அதற்கப்பால் மலை. சமவெளியில் இருமருங்கும் தென்னந்தோப்புகள். நார்த் தொழிற்சாலைகளின் முற்றங்களில் தென்னை நார் பொன்னிறமாய்க் காய்ந்துகொண்டிருக்கும். சாலை நேராகவும் நிழலாகவும் செல்லும். அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியையும் குரங்கு அருவியையும் கடந்தபின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. அவை மொத்தம் 40. ஒவ்வொன்றின் முனையிலும் எண் எழுதிய பலகை நிற்கிறது.

இச்சாலையைப் பற்றிக் கேள்வியுற்றோர் யாவரும் மலையைத்தான் அஞ்சுவர். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே அஞ்சினேன். ஆனால் என் தோழரை நான் இழந்தது மலையில் அல்ல.

அவரை நான் அண்ணன் என்றே அழைப்பேன். பொள்ளாச்சியில் சிறியதொரு லேத் பட்டறை வைத்திருந்தார். ஆண்டுக்கு இருமுறையேனும் நாங்கள் இருவரும் தத்தம் மோட்டார் சைக்கிளில் வால்பாறைக்குப் போவது வழக்கம். அங்கே தேயிலைத் தோட்டமொன்றில் அவருடைய பால்ய நண்பர் ஒருவர் இருந்தார். அவரைக் காண்பது காரணம் என்று வீட்டில் சொல்வோம். சாலையே காரணம் என்பது வீட்டாருக்கும் தெரியும்.

புறப்படும் காலையில் அண்ணன் செய்யும் ஆயத்தம் ஒரு சடங்கு போலிருக்கும். டயர்களில் காற்றழுத்தம் பார்ப்பார். சங்கிலியின் தொய்வை விரலால் அளப்பார். இரு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்ப்பார். "மலையில் போய்த் தெரிந்துகொள்வதை வாசலிலேயே தெரிந்துகொள்ளலாமே" என்பார். பொறுமையிழந்து நான் எத்தனையோ முறை கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன்.

வளைவுகளில் வண்டி ஓட்டும் முறையை எனக்குக் கற்பித்தவரும் அவரே. ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும். வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்துவிட வேண்டும். வளைவின் நடுவில் பிரேக்கை இறுகப் பிடித்தால் சக்கரம் சறுக்கும். இறக்கத்தில் எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும். மணல் தூவிய இடமும், லாரியிலிருந்து டீசல் சிந்திய இடமும் தூரத்திலேயே பளபளப்பிலும் நிறத்திலும் தெரியும், தேடினால்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளத்தைப் பார்க்கவே கூடாது. "கண் போகிற இடத்துக்குத்தான் வண்டி போகும்" என்று அவர் சொல்லக் கேட்டபோது அதனைப் பழமொழி என்றே எண்ணினேன். உண்மையில் அது வண்டியின் இயல்பு. வளைவு எங்கே முடிகிறதோ அங்கே பார்வையை வைத்தால் கையும் உடலும் தாமாகவே அத்திசையில் சாய்கின்றன.

ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் காட்சிமுனை என்னுமிடம் உள்ளது. அங்கு நின்றால் ஆழியாறு நீர்த்தேக்கம் முழுவதும் காலடியில் கிடக்கும். அதிர்ஷ்டமிருந்தால் வரையாடுகளும் வரும். மனிதரைக் கண்டு அவை அஞ்சுவதில்லை. சாலையின் தடுப்புச் சுவரின்மேல், ஏதோ தம் வீட்டுத் திண்ணையில் நிற்பனபோல நின்று நம்மை நோக்கும். அண்ணன் எப்போதும் அங்கே நிறுத்துவார். அட்டகட்டிக்கு மேலே காடும் தேயிலையும் மாறி மாறி வரும். கவர்க்கல்லில் பட்டப்பகலிலும் மூடுபனி இறங்கி, எதிர்வரும் பேருந்தின் விளக்கு இரண்டு மஞ்சள் கறைகளாக மட்டுமே தெரியும். அங்கு நடைவேகத்தில் ஊர்ந்துதான் செல்வோம்.

2018 ஜனவரியில் நாங்கள் அவ்வாறு சென்று, மறுநாள் திரும்பினோம். நாற்பது வளைவுகளையும் இறங்கி, ஆழியாற்றில் வறுத்த மீனும் தேநீரும் சாப்பிட்டோம். இனி வீடுதான் என்ற நிம்மதி. அண்ணன் முன்னே சென்றார். நான் நூறடி பின்னே. வேகம் மணிக்கு 50 கிலோ மீட்டருக்கு மேல் இராது. தென்னைகளின் நிழல் சாலையின் குறுக்கே வரிவரியாய் விழுந்திருந்தது. எதிரே வந்த சிறு சரக்கு வண்டியொன்று வேகம் குறைத்தது. பிறகு தனக்கு வலப்புறமிருந்த தோப்பு வாயிலை நோக்கி அவர் முன்னே குறுக்காகத் திரும்பிற்று.

தார்ச்சாலையில் அவர் பிரேக் பிடித்த அடையாளத்தைப் பிற்பாடு அடியெடுத்து அளந்தேன். ஒன்பது தப்படி. மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 14 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு, உணர்ந்து, கை பிரேக்கை அடைவதற்குள் ஒரு நொடியேனும் கழிந்துவிடும். அண்ணன் செய்யக்கூடியதையெல்லாம் செய்திருக்கிறார். வேகம் குறைந்துதான் இருந்தது. போதுமான அளவு குறையவில்லை.

தோப்பிலிருந்தவர்கள் ஓடிவந்தனர். ஒரு முதியவர் தம் துண்டை மடித்து அவர் கழுத்தடியில் வைத்தார். 108 வண்டி விரைவாகவே வந்தது. அவர் மருத்துவமனையை உயிரோடு அடையவில்லை. நெஞ்சுக்குள் இரத்தக் கசிவு என்றனர். அவருடைய தலைக்கவசத்தில் நகக்கீறல் அளவே ஒரு கோடு இருந்தது.

தலைக்கவசத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அரேபியா லாரன்ஸ் என்று உலகறிந்த தாமஸ் எட்வர்ட் லாரன்ஸ், 1935 மே 13 அன்று இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் தம் வீட்டருகே மோட்டார் சைக்கிளில் வந்தபோது, சைக்கிளில் சென்ற இரு சிறுவர்களைத் தவிர்க்க முயன்று வீழ்ந்தார். தலைக்காயத்தால் ஆறாம் நாள் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளை அறுவை வல்லுநர் அதன்பின் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் அவசியத்தை 1941இல் எழுதினார். பிரிட்டனில் அது எல்லோருக்கும் சட்டமானது 1973இல்தான். நம் நாட்டிலும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அதனைக் கட்டாயமாக்கியுள்ளது. உயிரிழக்கும் அபாயத்தை அது நூற்றுக்கு 42 அளவு குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்தோர் கூறுகின்றனர். ஆகவே அணியாதிருப்பது மடமை. எஞ்சிய பங்கையும் நான் கண்டுவிட்டேன். அதையும் சொல்லாதிருப்பது நேர்மையாகாது.

அந்த ஓட்டுநர் முப்பது வயதுகூட நிரம்பாதவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நான் பார்த்தேனுங்க. ரோடு காலியாத்தான் இருந்ததுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொய்யன் என்று அவரை நான் மனத்துள் ஓராண்டு காலம் வைதேன். பின்னர் படித்தறிந்தேன். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹாரி ஹர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் 900க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டனர். வேறொரு வாகனமும் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வேறு வாகனம் மோட்டார் சைக்கிளின் வழியுரிமையை மீறியதால் நேர்ந்தவை. விபத்தைத் தவிர்க்க ஓட்டிக்குக் கிடைத்த அவகாசம் பெரும்பாலும் இரண்டு நொடிக்கும் குறைவு. மீறியவர்களுள் மிகப் பலர், தாம் மோட்டார் சைக்கிளைக் காணவேயில்லை என்றோ, காலங்கடந்தே கண்டதாகவோ கூறினர். நேரே நம்மை நோக்கி வரும் ஒடுங்கிய உருவம் அசையாதது போலவே தோன்றும். மிக அருகில் வந்தபின்தான் திடீரெனப் பெருகும். பெரிய வண்டியைவிடச் சிறிய வண்டி வந்துசேர இன்னும் நேரமிருக்கிறது என்றே கண் கணக்கிடுகிறது. நிழலும் வெயிலும் கலந்த சாலையில் கேட்கவே வேண்டாம்.

படித்தும் என் கோபம் ஆறவில்லை. ஒரு நாள் காலையில் காய்கறிச் சந்தைக்கு அருகே என் மைத்துனரின் காரை நான் வலப்புறம் திருப்பினேன். இருபுறமும் பார்த்தேன், எவருமில்லை. மறுகணம் மொபெட்டில் வந்த ஒரு பால்காரர் என் கதவருகே தடுமாறி நின்று, என்னை ஏசினார். அவர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அன்று அவர் பிழைத்தது என் திறமையால் அல்ல. அதற்குப் பிறகு அந்த இளைஞரைப் பொய்யன் என்று நான் நினைத்ததில்லை. மன்னித்தேன் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

துக்க வீட்டில் நிகழ்ந்ததையும் எழுதியாக வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்களே. ஆயினும் ஒவ்வொருவரும் தணிந்த குரலில் ஏதேனும் வினவினர்: வேகமாய் வந்தாரா? குடித்திருந்தாரா? தலைக்கவசம் போட்டிருந்தாரா? தூக்கக் கலக்கமா? அண்ணி மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீங்க பின்னாலதானே வந்தீங்க. அவர் மேல தப்பு இருந்தா எங்கிட்ட மறைக்காமச் சொல்லுங்க" என்றார். இல்லை என்றேன். அவர் அழுதார். இருந்தது என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒருவேளை எளிதாக இருந்திருக்குமோ என்று இன்றும் எனக்கு ஐயமுண்டு. சிலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெண்மரைக் குறித்து நம் ஆண்டவர் கேட்ட கேள்வியை ஞாயிறுதோறும் கோவிலுக்குப் போகும் நாம் எத்தனையோ முறை செவியுற்றிருக்கிறோம். எனினும் இறந்தவரிடம் ஒரு குற்றம் அகப்பட்டால் நாம் தப்பித்தோம் என்று தோன்றுகிறதே, அந்த ஆறுதலை யாருக்குத்தான் விட மனம் வருகிறது?

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு 44க்கும் மேற்பட்டோர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். அவர்களுக்குள் அண்ணனைப் போன்றோர் எத்தனை பேர் என்று அந்த அட்டவணையில் ஒரு பத்தி இல்லை.

நான் வண்டியை விற்கவில்லை. இதனை என் மனைவி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எதிர்வரும் வண்டி வேகம் குறைத்தால் நானும் குறைக்கிறேன். வாயிலோ கிளைச் சாலையோ கண்டால் விரல்களை முன்னதாகவே பிரேக்கின்மேல் வைக்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன். அண்ணனும் இவற்றையெல்லாம் செய்தவர்தாம்.

2023இல் அவருடைய மகனுக்கு இருபது வயது. தந்தையின் வண்டியின் வளைந்த முன் ஃபோர்க்கை மாற்றி, பட்டறையிலேயே ஒவ்வோர் உறுப்பாகச் சரிசெய்து வைத்திருந்தான். "கொடுக்கலாமா, தம்பி?" என்று அண்ணி கேட்டார். ஒன்றும் ஆகாது என்று என்னால் சொல்ல இயலவில்லை. கற்றுக்கொடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். நான்கு மாதங்கள் கற்றுக்கொடுத்தேன். பிறகு ஒரு சனிக்கிழமை இருவரும் புறப்பட்டோம். அவன் வாசலில் அமர்ந்து சங்கிலியை விரலால் அளந்தபோது நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

தோப்பு வாயில் மூடியிருந்தது. நான் சொல்லாமலே வேகம் குறைத்துக் கடந்தான். ஒன்பதாம் வளைவில், "அப்பா நிற்கிற இடம் இதுதானே, சித்தப்பா?" என்று கேட்டு நிறுத்தினான். வரையாடுகள் அன்று வரவில்லை. அணை நீர் குறைவாயிருந்தது.

மலையிறங்கியதும் ஆழியாற்றிலிருந்து கூப்பிடும்படி அண்ணி சொல்லியிருந்தார். கூப்பிட்டேன். நாற்பது வளைவும் நல்லபடியாக இறங்கிவிட்டோம், அண்ணி என்றேன்.

"இன்னும் வீட்டுக்கு வரலையே, தம்பி" என்றார்.