வெடித்த இரும்பும் வேலை தெரிந்த கையும்

கொட்டாஞ்சேனையில் ஒரு சந்துக்குள் இருக்கும் கராஜ் ஒன்றில், வெள்ளவத்தை நண்பர் ஒருவரின் மொரிஸ் மைனர் கார் சில வாரங்கள் கிடந்தது. தண்ணீர் வற்றிக் கொதித்த எஞ்சினுக்குள் யாரோ பச்சைத்தண்ணீரை ஊற்ற, எஞ்சின் புளொக் வெடித்துவிட்டது. பஞ்சிகாவத்தை எங்கும் பழைய புளொக் தேடி அலைந்தும் பயனில்லை. நண்பருக்குத் துணையாகப் போன நான், எழுபதை எட்டிய தொழிலாளி ஒருவர் அந்த இரும்புக்குச் செய்த வைத்தியத்தை இரண்டு நாட்கள் அருகிருந்து பார்த்தேன்.

வார்ப்பிரும்பு உறுதியானது, ஆனால் வளைந்து கொடுக்காதது. நூற்றுக்கு 2 முதல் 4 பங்கு வரை அதில் கரி கலந்திருப்பதே காரணம். ஓரிடத்தை மட்டும் சூடேற்றினால் அவ்விடம் விரியும், சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி இடங்கொடாது, மீண்டும் வெடிக்கும். ஆகவே பெரியவர் அவசரப்படவில்லை. புளொக்கை மண்ணெண்ணெயால் நனைத்துத் துடைத்தார். அதன்மேல் வெண்கட்டித் தூளைத் தடவினார். வெடிப்பினுள் ஊறியிருந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பூச்சின்மேல் மயிரிழை போன்ற கோடு தெரிந்தது.

“முதல்லை வெடிப்பு எங்கை முடியுதெண்டு பிடிக்கோணும், மாஸ்டர். அந்த நுனி தெரியாமல் ஒட்டினால் அது பிறகும் ஓடும்” என்றார்.

கோட்டின் இரு நுனிகளிலும் சிறு துளையிட்டார். வெடிப்பு மேலும் பரவாமல் தடுப்பது அத்துளைதான். பின் கோட்டின் வழியே பள்ளம் வெட்டி, கரியடுப்பில் புளொக் முழுவதையும் மெல்லச் சூடேற்றி, நிக்கல் கம்பியால் ஓரங்குலம் ஓரங்குலமாக ஒட்டினார். ஒவ்வோர் ஒட்டின்மேலும் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். இறுதியில் சாம்பலுக்குள் புதைத்து ஓர் இரவு ஆறவிட்டார். மறுநாள் நீரை அழுத்தி ஏற்றிப் பார்த்தபோது ஒரு துளியும் கசியவில்லை.

இவ்வித்தையை வளர்த்தது நாட்டின் வறுமையே. இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் இது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இங்கிருந்த வண்டிகளை ஓடவைத்தவை இத்தகைய கைகளே. 1977இல் சந்தை திறந்தது; புதிய வண்டிகள் வந்து குவிந்தன. 2020 மார்ச்சில் அதே நெருக்கடி வாகன இறக்குமதியை மீண்டும் நிறுத்தியது; தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி பிறந்தது. திறைசேரி வற்றும்போதெல்லாம் இந்தக் கைகளைத் தேடி ஓடும் சமுதாயம், அது நிறைந்ததும் அவற்றை மறந்துவிடுகிறது.

பழைய காருக்கு இன்று மதிப்புண்டு, கண்காட்சி உண்டு, சொந்தக்காரருக்குப் புகழும் உண்டு. அதை வாழவைத்தவருக்கு என்ன உண்டு? ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இலேயே இயற்றப்பட்டது. ஆயினும், பல கராஜ்களில் நாட்சம்பளத்துக்கு உழைத்த இப்பெரியவரின் பெயரில் எந்த முதலாளியும் ஒரு சதமேனும் கட்டவில்லை. ஒட்டுச்சுடரின் ஒளி அவரது ஒரு கண்ணை மங்கச் செய்துவிட்டது. தொழில் பழக ஒரு பையனும் வருவதில்லை.

எப்படி வருவான்? உழைப்பின் உயர்வைக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுக்கும் அதே வகுப்பறையில், “படிக்காவிட்டால் கராஜுக்குத்தான் போவாய்” என்ற எச்சரிக்கையும் ஒலிக்கிறது. அந்தக் கராஜில் நான் கண்டது பௌதிகமும் இரசாயனமும் கலந்த கல்வி. அது எந்த ஏட்டிலும் ஏறாமல் ஒரு முதியவரின் கைகளில் மட்டும் தங்கியிருக்கிறது. அக்கை ஓயுமுன் அவர் அறிந்தது தமிழில் எழுதப்பட வேண்டும். அவரிடம் பழக வரும் இளைஞனுக்கு நியாயமான ஊதியமும், கண்ணைக் காக்கும் கருவியும், முதுமைக்கான சேமிப்பும் உறுதியாக வேண்டும். இவற்றைக் கேட்பது தர்மம் கேட்பதாகாது. சட்டம் ஏற்றுக்கொண்ட கடனைக் கேட்பதாகும்.