அடுத்த பாகத்தில் ஒரு நதி

தொடர்கதை எழுதுகிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. கதை பாதி நடக்கும்போதே வாசகர்கள் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இன்னாரைச் சாகடிக்காதே, இன்னாருக்குக் கல்யாணம் செய்து வை என்பார்கள். கணினியில் சாம்ராஜ்யம் கட்டும் விளையாட்டுகளை உண்டாக்குகிறவர்களுக்கும் இதே கதிதான் போலிருக்கிறது. ஒரு பாகம் வந்து சூடு ஆறுவதற்குள், அடுத்ததில் என்னென்ன இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் பட்டியல் போடுகிறார்கள். ஆம்பூரில் இருக்கும் என் பேரனும் ஒரு நோட்டுப் புத்தகம் நிறையப் போட்டு வைத்திருக்கிறான்.

அவன் ஆடுவது ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’. மரம் வெட்டி, பொன் தோண்டி, கோட்டை கட்டிப் பகைவனை வெல்லவேண்டும். 1999-ல் வந்த அதன் இரண்டாம் பாகத்துக்கு 2022-ல் ஓர் இணைப்புப் போட்டார்கள். அதில் திராவிடர் என்று ஒரு கூட்டத்தார், உருமி சுழற்றும் வீரர்கள், ‘திரிசடை’ என்ற கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்பு எல்லாம் உண்டு. 2025-ல் வெளிவந்த ‘சிவிலிசேஷன்’ ஏழாம் பாகத்திலும் சோழர்கள் வந்துவிட்டார்கள். பேரனுக்கு ஆசை பெருகிவிட்டது. இனி வேலூர் வரவேண்டுமாம். அகழி சூழ்ந்த கோட்டை வேண்டும். 1749-ல் நவாப் அன்வருத்தீன் கான் மடிந்த ஆம்பூர்ப் போர் வேண்டும். 1806 ஜூலை 10-ஆம் தேதி சிப்பாய்கள் எழுந்த அந்த இருட்டு வேண்டும்.

நல்ல யோசனைகள்தாம். சிப்பாய்கள் கொதித்ததற்கு ஒரு காரணம், புதுத் தலைப்பாகையில் செருகிய தோல் சின்னம். ஒரு துண்டுத் தோல் ஒரு படையையே திருப்பிவிட்டது. அப்படியிருக்க, இவன் ஆட்டத்தில் தோல் எப்படி வருகிறது என்று எட்டிப் பார்த்தேன். வில்லாளிகளுக்குத் தோல் கவசம் வேண்டுமானால் கொல்லன் பட்டறையைத் தட்டவேண்டும். 150 உணவும் 150 பொன்னும் கொடுத்தால் ஒரு நிமிஷத்துக்குள் அத்தனை பேருக்கும் கவசம் வந்துவிடுகிறது. உப்பு இல்லை, சுண்ணாம்புக் குழி இல்லை, ஆவாரம்பட்டை இல்லை, நாற்றமும் இல்லை. கொல்லன் தோல் பதனிடுகிறான் என்று ஆம்பூர்க் கடைத்தெருவில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

ஒரு கிலோ தோலைப் பக்குவப்படுத்த ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? பாலாற்றில் வெள்ளத்தைப் பார்ப்பதே அபூர்வம், மணலுக்கடியில்தான் ஆறு. அதனால் கெட்டது கண்ணுக்குத் தெரியாது, கிணற்றில்தான் தெரியும். தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போயிற்று என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டது.

“உன் அடுத்த பாகத்தில் ஒரு நதியை வை. கவசம் செய்யச் செய்ய அது உப்பாகட்டும். முதலில் ஒன்றும் தெரியக்கூடாது. பிறகு கீழே இருப்பவன் வயல் பாதிதான் விளையவேண்டும்” என்றேன்.

“அதெல்லாம் பழசு தாத்தா. 1991-ல வந்த முதல் ‘சிவிலிசேஷன்’லயே மாசு உண்டு. ஆளை அனுப்பினா கொஞ்ச நேரத்துல சுத்தம் பண்ணிடுவான்.”

வேடிக்கை என்னவென்றால், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனுவும் 1991-ஆம் வருஷத்து மனுதான். 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்பு வந்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். கழிவு நீரைச் சுத்திகரிக்காவிட்டால் மூடவேண்டும். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இதே ஆற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட்டது.

பையன் பென்சிலைக் கடித்தான். “சரி, டேனரியை மூடிட்டா ஊர்ல ஜனம் குறைஞ்சிடுமே? அப்பா சம்பளமும் ஷூ கம்பெனியிலதானே?”

அது என்னை மடக்கிவிட்ட கேள்வி. அவன் அப்பன் அந்தச் சம்பளத்தில்தான் இந்தக் கணினியையே வாங்கிக் கொடுத்தான். மூடினால் ஒருவன் தோற்கிறான், மூடாவிட்டால் இன்னொருவன். இரண்டு பேருக்கும் ஒரே ஆறு. யுத்தத்தைவிட இதுதான் கெட்டிக்காரத்தனம் வேண்டிய ஆட்டம் என்று எனக்குப் படுகிறது.

அவன் நோட்டில் ‘நதி’ என்று எழுதி, பக்கத்தில் ‘கீழே இருப்பவன் வேறு ஆட்டக்காரன்’ என்றும் எழுதிக்கொண்டான்.

“அவனுக்கு என்ன படை தாத்தா?”

“வழக்கு.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“தீர்ப்புக்கே ஐந்து வருஷம்.”

“அவ்வளவு நேரம் யாரு உக்காந்து ஆடுவாங்க?” என்றான்.