கடல் விலகிப் போன ஊரில்

அக்கா முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவள். 2018 அக்டோபரில் ஏதென்ஸில் நாங்கள் ஏறிய உல்லாசக் கப்பல், துருக்கியில் குஷாதாசி என்ற கடலோர ஊரில் ஒரு பகல் நிற்கும், அங்கிருந்து எபேசு நகரத்து இடிபாடுகள் சுமார் 20 கிலோமீட்டர்தான் என்று தெரிந்ததுமே அவளுக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏழு மணிக்கே பஸ். அக்கா சர்க்கரை வியாதிக்கான மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டாள். சாப்பிடத்தான் பொறுமை இல்லை. பாதி ரொட்டி, ஒரு வாய் காபி. "வந்து சாப்பிட்டுக்கலாம் வாடி!" என்று கிளம்பிவிட்டாள். முதல் நாள் ராத்திரி அவள் கைப்பையிலிருந்த மிட்டாய்களை, 'சர்க்கரைக்காரிக்கு இது எதுக்கு?' என்று எடுத்து வைத்ததும் நான்தான்.

பஸ் மேல் வாசலில் இறக்கிவிட்டுக் கீழ் வாசலில் காத்திருக்கும். வழி முழுக்க இறக்கம் என்பதால் முழங்காலுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. ஆனால் பளிங்குத் தரை காலங்காலமாக நடந்து நடந்து வழவழத்துப் போயிருக்கிறது. புதுச் செருப்போடு போன நான் இரண்டு தரம் வழுக்கினேன். நீங்கள் போனால் ரப்பர் அடி வைத்த பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

தெருவோரம் ரோமானியர் காலத்துப் பொதுக் கழிப்பறை! நீண்ட பளிங்குத் திண்ணையில் வரிசையாகத் துவாரங்கள். நடுவில் தடுப்பே கிடையாது. அடியில் தண்ணீர் ஓடக் கால்வாய். "ஆம்பிளைங்களுக்கு மட்டும்தான்" என்றார் வழிகாட்டி. "அப்போ பொம்பளைங்க?" என்று அக்கா கேட்டதற்கு அவர் சிரித்து மழுப்பிவிட்டார்.

தெரு முடிவில் செல்சஸ் நூலகம். செல்சஸ் என்ற ரோமானிய அதிகாரிக்காக அவர் மகன் இரண்டாம் நூற்றாண்டில் கட்டியது. சுமார் 12,000 சுருள் ஏடுகள் இருந்தனவாம். இடிந்து கிடந்த இரண்டடுக்கு முகப்பை 1970-களில் ஆஸ்திரிய ஆராய்ச்சியாளர்கள் கல்லைக் கல்லாகச் சேர்த்து நிமிர்த்தியிருக்கிறார்கள். மாடங்களில் ஞானம், நற்குணம், சிந்தனை, அறிவு இவற்றைக் குறிக்கும் நான்கு பெண் சிலைகள். நிஜச் சிலைகள் வியன்னாவில் இருக்கின்றன, இவை நகல்கள். செல்சஸின் கல்லறை நூலகத்துக்கு அடியிலேயே இருக்கிறது. "புஸ்தகத்துக்கு நடுவிலே தூங்கறார் பார், கொடுத்து வெச்சவர்!" என்றாள் அக்கா.

அங்கிருந்து பெரிய அரங்கம். 25,000 பேர் உட்காரக்கூடியது. அதன் முன்னாலிருந்து அகலமான சாலை ஒன்று பழைய துறைமுகத்தை நோக்கிப் போகிறது. கடலைத் தேடினால் புல்வெளிதான் தெரிந்தது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் துறைமுகம் தூர்ந்து, கடல் சுமார் 5 கிலோமீட்டர் விலகிப் போயிற்று. வியாபாரம் போயிற்று, சதுப்பில் கொசு பெருகி மலேரியா வந்தது, ஜனங்களும் போய்விட்டார்கள்.

இதைக் கேட்டு அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அக்காவாவது சும்மா இருப்பதாவது! திரும்பிப் பார்த்தேன். நிழலில் நின்றவளுக்கு வியர்வை கொட்டிக் கொண்டிருந்தது. கையைப் பிடித்தேன், சில்லென்று நடுங்கியது. "என்னக்கா?" என்றால், "பெல் அடிச்சாச்சா?" என்று குழறினாள். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வழிகாட்டியின் குடை எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. என் பையில் தைலம், குடை, தண்ணீர், இரண்டு பாஸ்போர்ட் எல்லாம் இருந்தன. ஒரு துளி இனிப்பு இல்லை.

பக்கத்துப் படியில் முக்காடு போட்ட ஒரு துருக்கிப் பாட்டி, பேரனோடு உட்கார்ந்திருந்தார். நான் "ஷுகர், ஷுகர்" என்று பதறியதும் அவருக்குப் புரிந்துவிட்டது. பேரன் குடிக்க ஆரம்பித்த செர்ரி ஜூஸ் டப்பாவை வெடுக்கென்று பிடுங்கி, குழாயைத் துடைத்து அக்கா வாயில் வைத்தார். பையன் போட்ட அலறல் அரங்கம் முழுக்க எதிரொலித்தது. பத்துப் பதினைந்து நிமிஷத்தில் அக்காவுக்கு முகம் தெளிந்தது. பாட்டி விடவில்லை. எள் தூவிய வளைய ரொட்டி ஒன்றையும் பிட்டுக் கொடுத்து, முழுக்கத் தின்று முடிக்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் காசை நீட்டியதும் என் கையில் ஒரு தட்டு தட்டினார்.

திரும்பும்போது பஸ்ஸைக் கம்பளக் கடை ஒன்றில் முக்கால் மணி நிறுத்திவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை, யாரும் வாங்கவும் இல்லை. அதனால் குஷாதாசிக்குக் கிடைத்தது அரை மணிதான். துருக்கி மொழியில் 'பறவைத் தீவு' என்று அர்த்தமாம். கரையோடு பாலமிட்டு இணைத்த குட்டித் தீவும் அதன் மேல் பழைய கோட்டையும் தூரத்தில் தெரிந்தன. போக நேரமில்லை. கடலோர பெஞ்சில் உட்கார்ந்து, இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் டீ குடித்தோம்.

"மிட்டாயை எடுத்தது நான்தான் அக்கா" என்றேன்.

"தெரியும். ராத்திரி பார்த்துட்டுதான் படுத்திருந்தேன்" என்றாள். "சாப்பிடாம கிளம்பினது யாரு?"

கப்பல் வாசலில் பையைச் சோதித்த காவலர் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக ஆறு செர்ரி ஜூஸ் டப்பாக்களை எடுத்து வைத்தார். எப்போது வாங்கினாளோ! "மெடிசின்" என்றாள் அக்கா, டீச்சர் குரலில். அவர் மறுபேச்சில்லாமல் திருப்பி அடுக்கிக் கொடுத்தார்.