நாற்பது வெள்ளி மழை



உறக்கம் வராத இரவு எவ்வளவு நீளமானது என்பதைப் புரண்டு படுத்தவர்களே அறிவர். ஆசிரியர்களுக்கு அது இன்னும் நீளமானது. பொழுது விடிந்ததும் பள்ளி வாசலில் நிற்க வேண்டும். முப்பது பிள்ளைகளின் முன்னால் முகம் மலர்ந்திருக்க வேண்டும்.

கிள்ளானில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீடு நெடுஞ்சாலையை ஒட்டியது. துறைமுகத்துக்குச் செல்லும் கனரக லாரிகள் இரவெல்லாம் ஓடும். சனிக்கிழமை இரவுகளில் மோட்டார் சைக்கிள் இளைஞர்களின் பந்தயமும் சேர்ந்துகொள்ளும். பஞ்சைச் சுருட்டிக் காதில் வைத்துப் பார்த்தேன். சூடான பால் குடித்துப் பார்த்தேன். பயனில்லை.

ஒரு நாள் பசார் மாலாமில் கைப்பேசி உறைகள் விற்கும் கடையொன்றில் உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டியைக் கண்டேன். அதில் ஆறு பொத்தான்கள் இருந்தன. மழை, கடலலை, ஆறு, பறவைகள், இரவுப் பூச்சிகள், வெறும் இரைச்சல் என ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓசை. நாற்பத்தைந்து வெள்ளி என்றார் கடைக்காரர்; நாற்பதுக்குப் பேசி வாங்கினேன். “மழையையும் காசு கொடுத்து வாங்கும் காலம் வந்துவிட்டதா?” என்று என் மனைவி சிரித்தார்.

சிரித்தவரும் அன்றிரவு நன்றாக உறங்கினார்; நானும் உறங்கினேன்.

இதில் மந்திரம் ஏதும் இல்லை. நம்மை எழுப்புவது பெரும்பாலும் ஓசையின் அளவு மட்டும் அன்று. அமைதிக்கும் ஓசைக்கும் இடையே திடீரென ஏற்படும் வேறுபாடுதான். நிசப்தமான அறையில் ஒரு கதவு அறைந்து சாத்தப்பட்டால் திடுக்கிட்டு விழிக்கிறோம். அதே அறையில் மெல்லிய இரைச்சல் சீராக இருந்துகொண்டிருந்தால், கதவின் ஓசை அதில் பாதி மூழ்கிவிடுகிறது. பலருக்கு மின்விசிறி ஓடாவிட்டால் உறக்கம் வராததற்குக் காற்று மட்டும் காரணமன்று என்பது இப்போது விளங்கும்.

1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த உறக்க ஓசைக் கருவியும் உண்மையில் ஓர் உறைக்குள் சுழலும் சிறு விசிறியே. 1969-இல் இர்வ் டைபல் என்பவர் கடலலை ஓசையைப் பதிவு செய்து, கணினியின் துணையால் செப்பனிட்டு இசைத்தட்டாகவே வெளியிட்டார். என் நாற்பது வெள்ளிப் பெட்டி அந்த மரபில் வந்த ஏழைப் பேரன்.

ஏழை என்பதற்குக் காரணம் உண்டு. அதனுள் இருப்பது ஒரு குறுகிய ஒலிப்பதிவு. அதுவே திரும்பத் திரும்ப ஓடுகிறது. பறவைப் பொத்தானை அழுத்தினால் ஒரே குருவி ஒரே இடைவெளியில் ஒரே கீச்சைக் கீச்சிடும். ஒருமுறை அதைக் கண்டுகொண்ட காது, அடுத்த கீச்சுக்காகக் காத்திருக்கத் தொடங்கிவிடும். பிறகு உறக்கம் எங்கே வரும்? ஆகவே விலை குறைந்த கருவி வாங்குவோர் மழை, இரைச்சல் போன்ற ஏற்ற இறக்கம் இல்லாத ஓசைகளையே நாடுவது நல்லது.

எனக்கு மழைதான் பிடித்திருந்தது. ஏன் என்று யோசித்ததில்லை.

கடந்த ஆண்டு என் அம்மா எங்களோடு வந்து தங்கினார். எழுபத்தெட்டு வயது. கோலசிலாங்கூர்ப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். அண்மைக்காலமாக நினைவு முன்னும் பின்னுமாகச் சென்று வருகிறது. புதிய இடத்தில் அவருக்கும் உறக்கம் பிடிக்கவில்லை. நான் பெற்ற இன்பம் அம்மாவும் பெறட்டும் என்று பெட்டியை அவர் அறையில் வைத்து, மழைப் பொத்தானை அழுத்திவிட்டு வந்தேன்.

நள்ளிரவில் விளக்கு எரிவதைக் கண்டு சென்று பார்த்தேன். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா?”

“மழை பிடிச்சிருச்சு தம்பி. காலையில வெட்டு இல்ல. இந்த மாசத்துல இதோட ஆறு நாள் போச்சு.”

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ரப்பர் மரத்தை விடியலின் குளிர்ச்சியில் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டுக்கோட்டின் வழியே மங்கில் வந்து விழாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். ஆகவே மழை என்றால் வெட்டு இல்லை. எங்கள் தோட்டத்தில் வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை.

சிறுவனாக இருந்தபோது நான் அறிந்தது வேறு மழை. மற்ற நாள்களில் இருட்டிலேயே அம்மா பெரட்டுக்குச் சென்றுவிடுவார். நான் கண்விழிக்கும்போது அவர் படுத்த இடம் குளிர்ந்திருக்கும். தகரக் கூரையில் மழை கொட்டும் விடியலில் மட்டும் அம்மா அருகிலேயே இருப்பார். அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உறங்கிப்போவேன். மழையோசை என்றால் எனக்கு ஏன் இத்தனை இதம் என்பது அந்த நள்ளிரவில்தான் புரிந்தது. என் இதத்துக்கு அன்று அம்மா தம் கூலியை விலையாகக் கொடுத்திருக்கிறார். நான் உறங்கிய விடியல்களில் அவர் விழித்தபடி நாள்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்.

மழையை நிறுத்திவிட்டு இரவுப் பூச்சிகளின் பொத்தானை அழுத்தினேன். சில்வண்டுகளின் ஒலி அறையில் பரவியது. அம்மா சற்று நேரம் உற்றுக் கேட்டார்.

“விட்டுருச்சு போல. பூச்சி கத்துது. காலையில வெட்டு உண்டு” என்று சொல்லிப் படுத்தார். சிறிது நேரத்தில் குறட்டை கேட்டது.

இந்நிகழ்வுக்குப் பின்னர் ஒரு நாள் அப்பெட்டியைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இரட்டைக்கிளவிப் பாடம். ‘சலசல’ என்பதை விளக்க ஆற்றோசையை ஒலிக்கவிட்டு, என்ன ஓசை என்று கேட்டேன். “ஐயா, கழிவறைத் தொட்டியில தண்ணி நிரம்புது!” என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அவன் சொன்னது பிழையன்று. ஆற்றங்கரையில் நின்றறியாத பிள்ளை, தான் அறிந்த ஓசையைத்தானே சொல்வான்? ஓசை ஒன்றுதான், கேட்பவரின் வாழ்க்கைதான் அதற்குப் பொருள் தருகிறது. அம்மாவிடம் கற்ற பாடத்தை அம்மாணவன் எனக்கு மறுபடியும் நடத்தினான்.

இக்கருவியை வாங்க எண்ணும் வாசகர்களுக்குச் சில குறிப்புகள். கருவியைத் தலையணை அருகில் வைக்காமல் அறையின் மறுகோடியில் வையுங்கள். வெளியோசையை மங்கச் செய்யும் அளவுக்கு ஒலி இருந்தால் போதும். குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் குழந்தைகளுக்கான 14 கருவிகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் மூன்று, 30 சென்டிமீட்டர் தொலைவில் முழு ஒலியில் 85 டெசிபலைத் தாண்டின. மணிக்கணக்கில் கேட்டால் செவிக்கு ஊறு செய்யக்கூடிய அளவு அது. தானாக அணையும் நேரப் பொத்தான் இருந்தால் பயன்படுத்துங்கள்.

எல்லாருக்கும் இது பயன்படும் என்றும் சொல்வதற்கில்லை. இத்தகைய ஓசைகள் உறக்கத்தை மேம்படுத்துகின்றன என்பதற்கான சான்றுகள் வலுவானவை அல்ல என்றே 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு முடிவு கூறியது. உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைக் காண்பதே முறை. எல்லாவற்றுக்கும் மேலாக, முதியவர்களுக்கு வைக்கும் முன் எந்த ஓசை வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். நான் கேட்கத் தவறினேன்.

இப்போது பெட்டி அம்மாவின் அறையிலேயே இருக்கிறது. சுவருக்கு அப்பாலிருந்து வரும் சில்வண்டுகளின் ஒலியில் நானும் உறங்கப் பழகிவிட்டேன். உண்மையான மழை பெய்யும் இரவுகளில் மட்டும் எழுந்து அவர் அறைக்குச் செல்கிறேன். அவர் விழித்திருப்பார்.

“நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைம்மா. பெரட்டு இல்ல. தூங்குங்க” என்பேன்.

அவர் நகர்ந்து படுத்து எனக்கும் கொஞ்சம் இடம் விடுவார்.