எட்டுப் போடுதல்

மாட்டு வண்டிக்கும் இரண்டு சக்கரங்கள். மோட்டார் சைக்கிளுக்கும் இரண்டே சக்கரங்கள். ஆயினும் இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை பெரிது. மாட்டு வண்டியின் சக்கரங்கள் பக்கம் பக்கமாய் உருள்வன. மோட்டார் சைக்கிளின் சக்கரங்களோ ஒன்றன்பின் ஒன்றாய் ஓடுவன. ஆதலின் ஓடும்போதுதான் அதற்கு நிலை உண்டு. ஓட்டம் நின்றால் சாய்ந்துவிடும். காரில் செல்வோரைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கோ தம் உடம்பையன்றி வேறு கூடு இல்லை. 1885ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு டைம்லர், மேபாக் என்னும் இருவரும் மரச்சட்டத்தில் எந்திரத்தைப் பொருத்தி ஒரு வண்டி செய்தனர். அது சாயாதிருக்க இருமருங்கிலும் சிறு துணைச் சக்கரங்களை அமைத்திருந்தனர். பின்வந்தோர் அவற்றை நீக்கிவிட்டனர். துணை போயிற்று, விரைவு வந்தது. அன்றுமுதல், நிலைநிறுத்தும் பொறுப்பு முழுவதும் ஓட்டுபவரிடமே தங்கிவிட்டது.

அப்பொறுப்பை ஓர் இளைஞன் எவ்வாறு கற்றான் என்பதை இங்கே காண்போர்க்கு, ஓட்டக் கற்பதென்பது இன்னதென்று விளங்கும்.

காவிரிக் கரையில் உள்ள ஓர் ஊர்; அவ்வூர்ப் பள்ளியின் விளையாட்டுத் திடல். ஞாயிறுதோறும் விடியற்காலையில் அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும். அதனுடன் இருவர் வருவர். ஒருவன் பதினெட்டு வயது நிரம்பிய இளைஞன். மற்றவர் அவனுடைய தாய்மாமன். மாமன் முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் செந்நிறத்தால் ‘எல்’ என்னும் ஆங்கில எழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. தமிழில் ‘எல்’ என்னும் சொல்லுக்கு ஒளி என்பது பொருள். அப்பலகையும் ஒருவகை விளக்கே. ‘இவன் பழகுகின்றான், சற்று ஒதுங்கிச் செல்லுங்கள்’ என்று அது சாலையில் வருவோருக்கெல்லாம் அறிவிக்கின்றது. அதனை இழிவென்று கருதி மறைத்துக் கட்டும் இளைஞர் சிலர் உளர். அவர்கள் மறைப்பது பிறர் தமக்குக் காட்டவிருந்த பொறுமையைத்தான்.

இளைஞன் பதினாறு வயதிலேயே வண்டியைக் கேட்டான். அப்போது மாமன் இசையவில்லை. 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை மட்டுமே பதினாறு வயதினர் உரிமம் பெற்று ஓட்டலாம். மற்ற மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் பதினெட்டு நிரம்ப வேண்டும். இன்று கடைத்தெருவில் ஓடும் ஸ்கூட்டர்களுள் பெரும்பாலானவை 50 சி.சி.க்கு மேற்பட்டவை. ‘கியர் இல்லை, ஆகவே ஓட்டலாம்’ என்று பள்ளி மாணவர் பலர் எண்ணுவது பிழை. 2019ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது, இப்பிழைக்குரிய தண்டனை ஓட்டிய சிறுவனோடு நில்லாமல் அவன் பெற்றோரையும் வண்டியின் உரிமையாளரையும் சென்று சேர்ந்தது. 3 ஆண்டு வரையில் சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் அவர்களுக்கு உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். ஓட்டிய சிறுவன் 25 வயது வரையில் உரிமம் பெற இயலாது. ‘தம்பி, நீ ஒரு தெரு ஓட்டினால் உன் அப்பா நீதிமன்றப் படி ஏற வேண்டும்’ என்று மாமன் அன்று கூறினார். இளைஞன் இரண்டாண்டுகள் மிதிவண்டியிலேயே சென்றான்.

பதினெட்டு நிரம்பியதும் பழகுநர் உரிமம் பெற்றான். ஊரார் அதனை எல்.எல்.ஆர். என்பர். அது 6 மாதங்களுக்குச் செல்லும். பெற்ற நாளிலிருந்து 30 நாட்கள் கழிந்த பின்னரே ஓட்டுத் தேர்வுக்குச் செல்லலாம். அதுவரையில், கற்பிக்கும் உரிமம் உடையவரைத் தவிர வேறெவரையும் பின்னிருக்கையில் ஏற்றுதல் கூடாது. மூன்றாம் வாரத்தில் அவன் தாய், ‘அடுத்த ஊர்க் கோயில்வரை கொண்டுபோய் விடு, கண்ணா’ என்றாள். இளைஞன் மாமனைப் பார்த்தான். மாமன், ‘அக்கா, பேருந்து ஏழரை மணிக்கு இருக்கிறது’ என்றார். தாய் சிறிது மனம் வருந்தித்தான் பேருந்தில் ஏறினாள்.

தமிழ்நாட்டில் மோட்டார் சைக்கிள் தேர்வென்றால் எட்டுப் போடுதல் என்றே பொருள். ஆய்வாளர் காண, எட்டு என்னும் எண்ணின் வடிவில், தரையில் கால் ஊன்றாமல் வண்டியை வளைத்து வளைத்து ஓட்ட வேண்டும். ‘சாலையில் யார், மாமா, எட்டுப் போடப் போகிறார்கள்?’ என்று இளைஞன் முதல்நாள் நகைத்தான். நகைப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. விரைந்து செல்வது எளிது. வண்டியே தன்னை நிறுத்திக்கொள்ளும். மெல்லச் செல்வதே அரிது. முதல் வளைவிலேயே அவன் கால் தரையைத் தேடிற்று. மறுமுறையும் அவ்வாறே ஆயிற்று. அவன் கண்கள் முன்சக்கரத்தின் மீதே இருந்ததைக் கண்ட மாமன் அருகில் வந்தார்.

‘தம்பி, சக்கரத்தைப் பார்க்காதே. அது எங்கும் ஓடிப்போய்விடாது. நீ போக வேண்டிய இடத்தைப் பார். வண்டி உன் கண்ணைத் தொடர்ந்து வரும்.’

அவன் முகத்தைத் திருப்பி, வளைவின் மறுமுனையை நோக்கினான். கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை மெல்ல மிதித்து, எட்டை முடித்தான். இது தேர்வுக்கென்று அமைந்த வித்தையன்று. திருவிழாக் கூட்டத்தினூடே செல்வோனுக்கும், ஆட்டு மந்தையின் பின்னே ஊர்வோனுக்கும் இதுவே வேண்டும். குழியைக் கண்டு அஞ்சிக் குழியையே உற்றுநோக்குவோன் குழியில்தான் விழுவான். குழியின் பக்கத்தே உள்ள நல்ல வழியை நோக்குவோன் அவ்வழியே செல்வான்.

இரண்டாம் ஞாயிறன்று மாமன் வண்டியைத் தொட விடவில்லை. திடலின் நடுவே கிரிக்கெட் ஆடுகளம் இருந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். அதன் ஒரு முனையில் இளைஞனை நிறுத்தினார். மணிக்கு 36 கிலோமீட்டர் விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் கடந்துவிடும். எதிரே ஒரு குழந்தை ஓடிவருவதைக் கண் கண்டு, மனம் உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஏறத்தாழ ஒரு நொடி கழிந்துவிடும். அந்த 10 மீட்டரில் வண்டியின் விரைவு சிறிதும் குறைவதில்லை. பிரேக்கைப் பிடித்தபின், உலர்ந்த நல்ல சாலையில் மேலும் ஒரு 10 மீட்டர் ஓடியே நிற்கும். ஆக, ஆடுகளத்தின் ஒரு முனையில் கண்டால் மறுமுனையில் நிற்கலாம்.

‘விரைவை இரட்டிப்பாக்கு, 72 கிலோமீட்டர். இப்போது எங்கே நிற்பாய்?’ என்று மாமன் வினவினார்.

‘இரண்டு ஆடுகளம், மாமா.’

மாமன் தலையசைத்து மறுத்தார். கண்டு உணரும் நொடியில் 20 மீட்டர் போய்விடும், அது இருமடங்கே. பிரேக் பிடித்தபின் ஓடும் தொலைவோ நான்கு மடங்காகும். 10 மீட்டர் 40 மீட்டராகும். இரண்டையும் கூட்டினால் 60 மீட்டர், மூன்று ஆடுகளங்கள். அவனை அத்தொலைவு முழுவதும் நடந்துவரச் செய்தார். அவன் திடலின் ஓரத்து வேப்பமரத்தருகே சென்று நின்று திரும்பிப் பார்த்தபோது மாமன் சிறியவராய்த் தெரிந்தார். இக்கணக்கு எண்ணாய் நூலில் கிடப்பதைவிடக் காலால் நடந்து அறியத்தக்கது.

பிரேக்கைப் பற்றியும் ஊரில் ஒரு பொய் உலவுகின்றது. முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி கவிழ்ந்துவிடும் என்பதே அது. உண்மை வேறு. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. ஆதலின் நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்சக்கரத்திடமே உள்ளது. இரண்டையும் ஒருங்கே, வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாய் அழுத்துதல் வேண்டும். வளைவுக்குள் புகுந்தபின் பிடித்தல் ஆகாது. புகுமுன்னரே விரைவைக் குறைத்துக்கொள்ளல் வேண்டும். காவிரிப் படுகையில் அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லை உலர்த்துவர், வைக்கோலைப் பரப்புவர். உழவர்க்கு வேறு களம் இல்லையெனில் என் செய்வர் என்று இரங்கலாம். ஆயினும் நெல்மணிமேல் ஏறிய சக்கரம் கோலிக்குண்டின்மேல் ஏறிய கால் போன்றது. அங்கே முன் பிரேக்கை இறுகப் பிடிப்பதும், வண்டியைச் சாய்ப்பதும், திடுமெனத் திருப்புவதும் தகா. நேரே, மெல்லச் செல்லுதலே வழி. முதல் மழை பெய்த சாலையும் அத்தகையதே; எண்ணெயும் புழுதியும் நீரில் குழைந்து வழுக்கும்.

மூன்றாம் வாரம் சாலைக்கு வந்தனர். இடப்புறம் செல்லுதல், வலப்புறமாய் முந்துதல், திரும்புமுன் இண்டிகேட்டரால் அறிவித்தல், மஞ்சள் விளக்கைக் கண்டதும் விரையாமல் நிற்க முற்படுதல் ஆகியவற்றை இளைஞன் நூலிலேயே கற்றிருந்தான். நூலில் இல்லாத ஒன்றை மாமன் பேருந்து நிலையத்தின் வாயிலில் நிறுத்திக் காட்டினார்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, அவர் இடப்புறம் திரும்புவதற்காகப் பேருந்தை வளைத்தார். விளக்கைப் போட்டிருந்தார், கண்ணாடியையும் பார்த்திருந்தார். பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையே இருந்த சிறு சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்தது. அதனை அவர் காணவில்லை, ஓசையைத்தான் கேட்டார். உடனே நிறுத்தினார். அவ்விளைஞன் உயிர் பிழைத்தான். ஒரு காலை இழந்தான். பிழை அவர் மேலதன்று என்று விசாரணையில் முடிவாயிற்று. எனினும் அதன்பின் ஓய்வு பெறும்வரை அவர் இடப்புறம் திரும்புமுன் ஒருகணம் பேருந்தை முற்றிலும் நிறுத்தியே திருப்பினார். பின்னால் ஹாரன் அடிப்போரை அவர் பொருட்படுத்தியதில்லை.

‘பேருந்தின் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உனக்குத் தெரிகிறதா என்று பார், தம்பி. தெரியவில்லையென்றால் நீயும் அவருக்குத் தெரியவில்லை. அங்கே நிற்காதே.’

இதைச் சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தாழ்ந்தது. இளைஞன் மறுமொழி கூறவில்லை.

பிறர் கண்ணில் படுதல் என்பதை முன்னிட்டே 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளின் முன்விளக்குப் பகலிலும் தானே எரியுமாறு செய்யப்பட்டது. இதை அறியாத நல்லோர் பலர் எதிரே வரும்போது ஐந்து விரல்களையும் குவித்து விரித்து, ‘விளக்கு எரிகிறது’ என்று குறிப்புக் காட்டுவர். அதற்குச் சினவாது சிரித்துச் செல்லலாம். அவர்கள் வண்டியைப் பார்த்துவிட்டார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டா.

இனித் தலைக்கவசம். அதன் வரலாறு காவிரிக்கு நெடுந்தொலைவில், இங்கிலாந்தில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் அரபு நாட்டில் பெயர் பெற்ற டி. இ. லாரன்ஸ் என்பார் மோட்டார் சைக்கிளில் பெருவிருப்பம் உடையவர். 1935 மே 13ஆம் நாள், தம் வீட்டருகே சாலையில் வரும்போது, மிதிவண்டியில் சென்ற இரு சிறுவர்மேல் மோதாதிருக்க வண்டியைத் திருப்பினார், தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் உணர்வற்றுக் கிடந்து 19ஆம் நாள் 46ஆம் வயதில் மறைந்தார். அவரைக் காண அழைக்கப்பட்ட மருத்துவர்களுள் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர்.

காப்பாற்ற இயலாமற்போன அந்நோயாளியைக் கெய்ர்ன்ஸ் மறந்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போரில், செய்தி கொண்டுசெல்லும் படைவீரர் பலர் பகைவர் குண்டால் அன்றி, இருட்டடிப்புச் செய்த சாலைகளில் மோட்டார் சைக்கிளிலிருந்து வீழ்ந்தே மாண்டனர். போரின் முதல் 21 மாதங்களில் இங்கிலாந்து உள்ளிட்ட பிரிட்டனின் சாலைகளில் மோட்டார் சைக்கிளில் சென்று இறந்தோர் 2,279 பேர். கெய்ர்ன்ஸ் தலைக்காயம் உற்றோரைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தார். கவசம் அணிந்திருந்தவர்களாக அவர் கண்டவர் எழுவரே, எழுவரும் பிழைத்தனர். 1941இல் இதனை மருத்துவ இதழில் எழுதினார். அவ்வாண்டு நவம்பரிலேயே பிரிட்டன் படையில் கடமைமேற் செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்க்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அங்கே 1973இல்தான் சட்டம் வந்தது. கெய்ர்ன்ஸ் 1952இலேயே காலமாகிவிட்டார்.

இந்தியச் சட்டம் ஓட்டுபவருக்கு மட்டுமன்றிப் பின்னிருப்பவருக்கும் அதனைக் கட்டாயமாக்குகிறது. தலைப்பாகை அணியும் சீக்கியருக்கு மட்டும் விலக்கு உண்டு. அணியாதோர்க்கு 1,000 ரூபாய் தண்டமும் மூன்று மாத உரிம இழப்பும் விதிக்கலாம். ‘ஐ.எஸ். 4151’ என்னும் தர எண்ணும் முத்திரையும் உள்ளதே கவசம், மற்றவை தொப்பிகள். அதன் உள்ளிருக்கும் மென்பொருள் ஒருமுறை நசுங்கித் தலையைக் காக்கும், மறுமுறை காவாது. ஆதலின் விபத்துக்கண்ட கவசம் வெளியே பளபளத்தாலும் மாற்றத்தக்கது. வாரைப் பூட்டாத கவசம் தலைக்கு முன்னரே தரையை அடையும். சிலர் அதனை முழங்கையில் மாட்டிச் செல்வர். காவலர் நிற்கும் திருப்பத்தில் மட்டும் தலைக்கு ஏற்றுவர். முழங்கையை அத்துணை அன்போடு காப்போர் உலகில் வேறெங்கும் இலர்.

முப்பத்தெட்டாம் நாள் இளைஞன் ஆய்வாளர் முன் எட்டுப் போட்டான், கால் ஊன்றவில்லை. உரிமம் கைக்கு வந்த நாளில் செந்நிற எழுத்துப் பலகைகளைக் கழற்றினான். மறுநாட்காலை அவன் தாய் தலை நிறையப் பூச்சூடி, கோயிலுக்குப் புறப்பட்டு வாயிலில் நின்றாள். மாமன் வண்டியின் பின்சக்கரத்தருகே குனிந்து சேலைக் காப்பு உறுதியாய் உள்ளதா என்று அசைத்துப் பார்த்தார். இளைஞன் உள்ளே சென்று, முதல்நாள் வாங்கிவைத்த மற்றொரு தலைக்கவசத்தை எடுத்துவந்து நீட்டினான்.

‘பூக் கசங்கிவிடுமே, கண்ணா!’

‘கோயில் வாசலில் பூ விற்கிறார்கள், அம்மா.’

அவள் தம்பியைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சரத்தை மெல்ல எடுத்து அருச்சனைக் கூடையில் வைத்துவிட்டு, அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாரைப் பூட்டத் தெரியாமல் மகன் பக்கம் முகவாயை உயர்த்தினாள்.