போணி ஆயிடுச்சுடி, கோமு!

அன்புள்ள கோமு,

ஆடித்தபசுக்கு வரலைன்னு நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பே, தெரியும். திட்டறதை அப்புறம் வச்சுக்கோடி என் தங்கம், முதல்ல சேதியைக் கேளு. நான் வியாபாரம் ஆரம்பிச்சிருக்கேன்! பெயர்ப் பலகை, கல்லாப்பெட்டின்னு கற்பனை பண்ணிடாதே. வீட்டு அடுப்படியிலதான், இட்லி மாவு.

கோயம்புத்தூர்ல குடியிருந்துட்டு கிரைண்டர் மேல ஆசை வராம இருக்குமா? இந்த ஊர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கு, கல்லு ஊத்துக்குளிக் கல்லும்மான்னு கடைக்காரர் பேசின பேச்சுல கிறங்கி, 10 லிட்டர் டில்டிங் கிரைண்டரா வாங்கிட்டேன். எங்க வீட்டுக்காரர் அதைச் சுத்திச் சுத்தி வந்து பார்த்துட்டு, "கல்யாண மண்டபம் ஏதும் பிடிச்சிருக்கியா?"ன்னார். அவருக்கென்ன, கிண்டல் பண்ணக் காசா பணமா. உணவுப் பாதுகாப்புப் பதிவுன்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு எங்கெங்கே அலையணுமோன்னு பயந்தேன். நம்மளை மாதிரி சின்ன அளவுல செய்யறவங்களுக்கு வருஷத்துக்கு 100 ரூபாய்தானாம், ஆன்லைன்லயே முடிஞ்சு, 14 இலக்கத்துல ஒரு நம்பரும் வந்துடுச்சு.

நம்பர் வந்துச்சு, ஆள் வரணுமே! முதல்ல வந்ததெல்லாம் சொந்தம்தான். நாத்தனார், ஓரகத்தி, அவங்களோட சம்பந்தி வீடுன்னு ஆளாளுக்குப் பாத்திரத்தோட வந்து, "பஞ்சு பஞ்சா இருக்கு இட்லி, உன் கைக்கு ஒரு வளையல் போடணும்"னு ஒரே புகழ்ச்சி. வளையலும் வரலை, மாவுக் காசும் வரலை. வாயைத் திறந்து கேக்கவும் கூச்சம். ஓரகத்தி ஒரு படி மேல போய், "அரிசியும் உளுந்தும் வீட்டுல இருக்கிறதுதானே, உனக்கென்ன பெரிய செலவு?"ங்கிறா. கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போடறேனே, அந்த உளுந்து விக்கிற விலை அவளுக்குத் தெரியாதா? கரண்டு பில்லு இவ அப்பா கட்டறாரா? ராத்திரி கல்லைக் கழுவிக் கவுத்துட்டு நிமிர்ந்தா முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, அதுக்கு யாரு விலை போடறது?

இந்த நேரத்துலதான் மூணாவது மாடி நர்ஸ் பொண்ணு கதவைத் தட்டினா. அதுவரைக்கும் பேசிக்கூடப் பழக்கமில்லை. நைட் டியூட்டி முடிஞ்ச கண்ணு, கையில எவர்சில்வர் தூக்கு. "அக்கா, மாவு கிலோ எவ்வளவு?" 50 ரூபாய்னு சொல்றதுக்குள்ள எனக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சுடி. அவ பேரம்கூடப் பேசலை, நோட்டை நீட்டிட்டா. கண்ணுல ஒத்திச் சாமி படத்துக்கு முன்னாடி வச்சேன்.

ரெண்டாந்தடவை வந்தப்போ, "புளிச்ச மாவு வேண்டாம்க்கா, சாயங்காலம் அரைச்ச சூட்டோட குடுங்க, வெளியில வச்சுட்டு டியூட்டிக்குப் போயிட்டா, காலையில வரும்போது பொங்கி ரெடியா இருக்கும்"னா. இத்தனை சொந்தத்துல ஒருத்தராவது இப்படி எனக்கு இதுதான் வேணும்னு சொன்னாங்களா? சும்மா வாங்கினவங்களுக்குக் குறை சொல்ல வாய் வராது, காசு குடுத்தவளுக்குத்தான் வரும். அன்னையிலேர்ந்து சாயங்காலம் ஆறு மணிக்கு அரைச்சுத் தர்றதுன்னு வச்சுக்கிட்டேன். அவ தூக்கோட லிஃப்டுல போகையில, "எங்கேம்மா வாங்கினே?"ன்னு விசாரிச்சவங்கதான் அடுத்தடுத்த கிராக்கி. நோட்டீஸும் அடிக்கலை, ஒண்ணும் அடிக்கலை.

மெரினாவுல தள்ளுவண்டி போட்ட பட்ரீஷியா நாராயணைப் பத்திப் படிச்சிருக்கியோ? 1982-ல, முதல் நாள் பூரா ஒரே ஒரு காபிதான் வித்துதாம், 50 பைசாவுக்கு. நொந்துபோய் வந்தவங்களை, ஒண்ணாவது போச்சேன்னு அவங்க அம்மாதான் தேத்தினாங்களாம். மறுநாள் 600, 700 ரூபாய்க்கு ஓடியிருக்கு. அந்த ஒத்தைக் காபியைக் குடிச்சவர் அவங்களுக்கு மாமனா மச்சானா? குடிக்கணும்னு தோணிச்சு, காசு குடுத்தார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் உனக்குத்தான்டி சொல்றேன். என் தையலை ஊரே மெச்சுது, நூல் வாங்கின காசுகூடத் தேறலைன்னு போன தடவை போன்ல மூக்கைச் சிந்தினியே. முகம் தெரியாத ஒருத்தி அளவு ஜாக்கெட்டைக் கொண்டுவந்து குடுத்து, "கை இறுக்குது, பிரிச்சுத் தைங்க"ன்னு அதட்டணும், அப்பத்தான் அது தொழில். உன் சித்தி மகளுக்கு முதல்ல கூலியைச் சொல்லு. கோச்சுக்கிட்டாள்னா கோச்சுக்கட்டும், எத்தனை நாளைக்கு? என் ஓரகத்தியே இப்போ முனகிக்கிட்டேதான் 50 ரூபாயை எடுத்து வைக்கிறா, ஆனா மாவை விடமாட்டேங்கிறா.

பதில் போடு, கூலி எவ்வளவு சொன்னேன்னும் எழுது.

உன்,
ராஜி