சாணி விழும் நிழல்

மூலனூரிலிருந்து வெள்ளகோவில் பக்கம் போனால் வழியெல்லாம் கிளுவை வேலிதான். முள்கிளுவைப் போத்தை நெருக்கமாக நட்டுப் பின்னி வளர்த்த உயிர்வேலி. அதற்குள் சில ஏக்கர் மேய்ச்சல் நிலம், அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். இதுதான் கொறங்காடு. ஆண்டு மழை 600 மில்லிமீட்டரையொட்டியே பெய்யும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் முடிந்துவிடும். பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பொறுக்கியெடுத்த காளைகளால் காங்கேயம் இனம் செம்மைப்பட்ட கதையைப் பலரும் சொல்வார்கள். அந்தக் காளைகள் எதைத் தின்று நின்றன என்று கேட்பவர்கள் குறைவு.

நான் போனது வைகாசியில், வேலி அடைக்கும் ஆட்களோடு. ஒருவர் கொடுவாளால் முள்கிளையை வெட்டித் தள்ள, இன்னொருவர் அதைக் கவைக்கோலால் தூக்கிக் கிளுவை வேலியில் விழுந்த சந்தில் செருகினார். சந்தை விட்டால் பட்டியே வெளியேறிவிடும். வேலி இறுக்கமாக இருந்தால் மாடுகளை உள்ளே விட்டுக் கடவைச் சாத்திவிட்டுப் போகலாம், மேய்க்க ஆள் வேண்டாம்.

கோடை மழை ஒன்று பெய்திருந்தது. வெட்டவெளியில் புல் தூர் மட்டும் பச்சை காட்டியது. மரத்தடியிலோ முழங்கால் உயரம். காட்டுக்காரம்மாவிடம் கடப்பாரை வாங்கி இரண்டு இடத்திலும் குத்திப் பார்த்தேன். வெளியில் சரளை ‘ணங்’கென்றது. மரத்தடி மண் கறுத்து, பொலபொலவென்று வந்தது. வெள்வேலின் இலை பொடி இலை, உதிர்ந்ததும் சீக்கிரம் மட்கிவிடும். ஆழத்தில் வேர் உறிஞ்சியது இலை வழியாக மேல்மண்ணுக்கு வருகிறது. நிழலில் ஈரமும் நாலு நாள் கூடுதலாக நிற்கிறது. படித்தவன் தோரணையில் இதையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா குறுக்கிட்டார்.

“அது செரிதான் கண்ணு. வெயிலேறுனா மாடு எங்க வந்து படுக்குது? இங்கதான. சாணி, மூத்தரம் எல்லாம் இங்கயேதான் விழுவுது. அது அங்க தின்ன புல்லு.”

மரத்தடி வளத்தில் ஒரு பகுதி வெட்டவெளியிலிருந்து மாட்டு வயிற்றில் ஏறி வந்தது! மரம் மண்ணை வளமாக்குகிறது என்று பாராட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பக்கத்துக் காட்டில் ஒற்றை வேம்பு நின்றது. அத்தனை மாடும் அதன் கீழேயே மிதித்துப் படுத்ததில் தரை களம்போல் இறுகி, ஒரு புல்கூட இல்லை. ஆகவே மரம் இருந்தால் மட்டும் போதாது, பரவலாக இருக்க வேண்டும். நிழல் பல இடத்தில் விழுந்தால் மாடும் பிரிந்து படுக்கும், சாணியும் பரவும். புல் குறைந்ததும் மந்தையை அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். சில ஆண்டுக்கு ஒருமுறை காட்டை உழுது சோளம் விதைத்துவிட்டுப் பிறகு மறுபடி புல்லுக்கு விடுவதும் உண்டு.

மரத்தை யாரும் நட்டதில்லை. கோடையில் புல் காய்ந்த வேளையில் வேலங்காய் முற்றி விழும், தொரட்டியால் உலுக்கியும் போடுவார்கள். ஆடும் மாடும் தின்ற காயின் விதை சாணியோடும் புழுக்கையோடும் விழுந்து முளைக்கிறது. முள் இருப்பதால் மரக்கன்று எப்படியோ தப்பிக்கிறது. எதை விடுவது, எதைப் பிடுங்குவது என்பது மனிதரின் வேலை.

அதைவிடப் பெரிய வேலை கொடுவாள்காரருடையது. கொழுக்கட்டைப் புல் வெயில் குடிக்கும் புல். மெல்லிய நிழலைத் தாங்கும், கவிந்த நிழலில் மெலிந்து போகும். வேலிக்கு முள் தேவைப்படும்போதெல்லாம் இவர்கள் வெள்வேலின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுகிறார்கள். வேலி அடைபடுகிறது, புல்லுக்கும் வெளிச்சம் இறங்குகிறது. நிழலின் அளவு கொடுவாளில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அவரிடம் சொன்னபோது சிரித்தார்.

“புல்லுக்கோசரம் வெட்றோமுன்னு நெனைக்கலீங்க. முள்ளு வேணும், வெட்றோம். ஆனா உச்சியில கை வெக்க மாட்டோம். காய் போயிருமுங்க.”

கூலியைப் பற்றிக் கேட்டேன். சொன்னார்கள், அது குறைவுதான். வேலையும் குறைந்துவருகிறதாம். காற்றாலைக்கும் மனைக்கும் போன காடுகள் ஒருபுறம். மாட்டுக்கென்றே விட்டிருக்கும் காடுகளிலும் இப்போது கம்பிவேலி வந்துவிட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் அப்படி ஒன்றைக் கொடுவாள்காரர் காட்டினார். வெள்வேல் கிளைகள் கழிக்கப்படாமல் இடுப்பளவுக்குத் தாழ்ந்து கிடந்தன. அடியில் புல் அற்று, சீமைக்கருவேல் தலைகாட்டியிருந்தது.

“அங்க போய்க் கழிச்சுக் குடுக்கலாமுங்களே?”

“கூப்பிட்டாப் போவமுங்க. கம்பி போட்டவங்களுக்கு முள்ளு எதுக்குங்க?” என்றபடி அடுத்த சந்துக்கு நகர்ந்தார்.